கேள்வி நாடகமும் அறிவியற் புனைவும்

காணாதவற்றைக் கேள்வியாற் காட்டுதல் ஒலிநாடகத்தின் இயல்பு. அறிவியற் புனைவோ எவரும் கண்டிராதவற்றைக் கூறுவது. ஆதலின் இவ்விரண்டும் கூடுமிடத்துச் சொல்லின் பொறுப்பு மிகுகின்றது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்று தொடங்கியது. அவ்வாண்டே அக்டோபர் 30ஆம் நாள், செவ்வாய்க்கோளினர் படையெடுப்பதாக எச். ஜி. வெல்சு எழுதிய புதினத்தை ஆர்சன் வெல்சு அமெரிக்க வானொலியிற் செய்தியறிக்கை வடிவில் நாடகமாக்கினார். தொடக்க அறிவிப்பைக் கேளாது இடையிற் புகுந்தோருட் சிலர் அதனை மெய்யென மயங்கினர். (அவர்தம் தொகையை நாளிதழ்கள் மிகைப்படுத்தின என்பர் பின்னாய்வாளர்.) இணையவழிக் கேட்போர்க்கு அம்மயக்கம் அரிது, தலைப்பறிந்து முதலிலிருந்தே கேட்கின்றனர். எனவே அப்பழைய உத்தியைப் பெயர்த்தெடுத்தலாற் பயனில்லை.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். அச்சில் ஆசிரியர் அதனைச் சொல்லிவிடலாம். ஒலியிலோ குரலே நாயையும் இயந்திரத்தையும் ஒருங்குணர்த்தல் வேண்டும். உலோகக் குரல் ஒன்றே போதுமென்பது எளிய வழி, நல்வழியன்று.

தொல்காப்பியர் உரிச்சொற்கு இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றையும் நிலைக்களனாக்கினார். இசை வழிவந்த சொற்கள் இந்நாடகத்திற்குக் கருவூலம் எனலாம். பொறி 'கடகட'வென்றது எனின் அஃது ஓடுகின்றது. 'கரகர'வென்றது எனின் எங்கோ தேய்கின்றது. நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த கம்மாபுரத்தார்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

கலைச்சொல்லிலேயே இடர் மிகுதி. 'ஒளியலை', 'ஒலியலை' என்பன எழுத்தால் வேறு. நடிகர் நாப் பிறழின் இரண்டும் ஒன்றாம். விண்கலத்தின் செய்தி எதனால் வந்தது என்பதே அங்கு மாறிவிடும்.