உதடு மரத்தது, க்ளைம் நின்றது

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் நாம் தேடுவது மாத்திரை விவரத்தையும் அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும்தான். நோயின் பெயர் எழுதியிருக்கும் வரியை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. காப்பீட்டு க்ளைம் படிவத்தின் 'பி' பகுதியை மருத்துவமனை நிரப்பும்போது அந்த வரிதான் 'கே13.0', 'ஆர்20.2' என்பது போன்ற ஒரு குறியீடாக மாறுகிறது. பணம் வருமா வராதா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் குறியீடுகள் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. தொகுப்பிலிருந்து வருபவை. 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நம் க்ளைம் படிவங்களில் அச்சாகியிருப்பது 10-ஆம் பதிப்புக்கான கட்டங்கள்தான்.

உதட்டை எடுத்துக்கொள்வோம். வெடிப்பு, அழற்சி போன்றவற்றுக்கு கே13.0. வைரஸால் உதட்டோரம் வரும் கொப்புளம் பி00.1. ரிபோஃப்ளேவின் சத்துக் குறைவால் கடைவாய் வெடித்தால் ஈ53.0. கீழே விழுந்து உதடு கிழிந்தால் எஸ்01.5. புற்றுநோய் என்றால் சி00. பார்வைக்கு எல்லாமே 'உதட்டுப் புண்'தான். விபத்தில் கிழிந்த உதட்டுக்குத் தையல் போட்ட செலவை, விபத்து என்று எங்கும் எழுதாத காரணத்தால் 'பல் சிகிச்சை' என்று ஒதுக்க இடம் கிடைத்துவிடும். எப்படி அடிபட்டது என்பது சம்மரியில் இருந்தாக வேண்டும்.

முகத்தில் மதமதப்பு, குறுகுறுப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. முகநரம்பு வலிக்கு ஜி50.0, முகவாதத்துக்கு ஜி51.0 என்று நோய்க்கான குறியீடுகள் இருக்கின்றன. ஆனால் 'ஆர்' என்று தொடங்குபவை அறிகுறிகளுக்கானவை. ஆர்20.2 என்றால் குறுகுறுப்பு இருந்தது, காரணம் உறுதியாகவில்லை என்று பொருள்.

இது நேர்மையான குறியீடுதான். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்கு விடியற்காலையில் பாதி முகம் மரத்துப்போகிறது. பக்கவாதமோ என்று அவசரப் பிரிவில் சேர்க்கிறார்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், இரண்டு நாள் கண்காணிக்கிறார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை. சம்மரியில் ஆர்20.2. 'பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தார்' என்று க்ளைம் நிராகரிக்கப்படுகிறது. பாலிசிகளில் 'எக்ஸ்க்ளூஷன் 04' என்று ஒரு விதி இருக்கிறது: முதன்மையாகப் பரிசோதனைக்காகவே சேர்ந்தால் பணம் கிடையாது. அதைத்தான் காட்டுவார்கள். பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்வதும் சிகிச்சையின் பகுதிதானே என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், அதற்குக் காகிதத்தில் ஆதாரம் வேண்டும்.

எனவே வீட்டுக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். அறிகுறி எப்போது தொடங்கியது, எந்த ஆபத்தைச் சந்தேகித்துச் சேர்த்தார்கள், வெளிநோயாளியாக ஏன் பார்க்க முடியவில்லை, ஊசி, மருந்து என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் சம்மரியில் வர வேண்டும். 'இரண்டு நாளாக' என்பது 'இரண்டு வருடமாக' என்று பதிவாகியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பழைய நோய் என்ற பேச்சு இப்படிப்பட்ட தவறுகளிலிருந்துதான் கிளம்பும். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ சிகிச்சை பெற்றதோதான் விதிப்படி 'முன்பே இருந்த நோய்'.

'பக்கவாதம்னே போட்டுடுங்க சார், க்ளைம் ஆயிடும்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது மோசடி. தவிர, இல்லாத பக்கவாதம் உங்கள் பதிவேட்டில் ஏறி, அடுத்த பாலிசிக்கும் கூடவே வரும்.

இந்தக் கவலையெல்லாம் பிறகு. முகம் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறி, கை தளர்ந்தால் உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். பல்லில் கோளாறு எதுவும் இல்லாமல் கீழுதடும் முகவாயும் மட்டும் மரத்துக் கிடந்தாலும், புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு உதட்டுப் புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போடக் கூடாது. சில சமயம் அதற்குப் பின்னால் புற்றுநோய் இருக்கும்.

க்ளைம் மறுக்கப்பட்டால் முதலில் மருத்துவமனையில் எழுத்துபூர்வமாகக் கேட்டு உங்கள் மருத்துவப் பதிவுகளை வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். நேர்மையான தவறு என்றால், தேதியும் கையெழுத்தும் இட்ட திருத்தச் சம்மரி வாங்கலாம்.

காப்பீட்டு நிறுவனமும் வாய்மொழியாகக் கைவிரிக்க முடியாது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, க்ளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது. எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்கு போட்டுவிட்டால் அதே விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். ஆகவே செலவில்லாத அந்தக் கதவை முதலில் தட்டுங்கள்.