கிஸ்மிஸ் காய்ந்த வெயிலில்...

பாயசத்தில் இரண்டு கிஸ்மிஸ் கூடுதலாக விழுந்துவிட்டால் குழந்தைகளுக்கு எத்தனை சந்தோஷம்! அந்தக் கிஸ்மிஸ் எங்கே காய்ந்தது, யார் காயவைத்தார்கள் என்று இத்தனை வருஷச் சமையலில் நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ என்ற ஊரில். அமெரிக்கா என்றால் குளிர் என்று நினைத்து இரண்டு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தேன். போய் இறங்கியது ஆகஸ்ட் மாதம். வெயில் 104 டிகிரி! நம்ம வேலூர் தோற்றது போங்கள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம்தான்.

நாம் மொட்டை மாடியில் வற்றல் போடுகிற மாதிரிதான் அங்கே கிஸ்மிஸ் போடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் திராட்சையைக் கொத்துக் கொத்தாக வெட்டி, கொடி வரிசைகளுக்கு நடுவே தரையில் காகிதம் விரித்துப் பரப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பல தோட்டங்களில் யந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் கைவேலை ஒழிந்துவிடவில்லை. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அடுத்த வீட்டில் ஒரு மெக்ஸிகோ அம்மாள் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். இருபது வருஷம் திராட்சைத் தோட்டங்களில் உழைத்தவராம். பேத்தியைப் பார்க்க வந்தவர் கிஸ்மிஸ் போட்ட பாயசத்தை ருசித்துக்கொண்டே பழைய கதை சொன்னார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"வெயிலைக்கூடத் தாங்கிக்கலாமாம்மா. தண்ணி குடிக்கத்தான் பயமாம்."

"தண்ணிக்கு என்னடி பயம்?"

"கக்கூஸ் ரொம்ப தூரத்துல இருக்குமாம். எத்தனை காகிதம் நிரப்பினோமோ அதுக்குத்தான் கூலி. போயிட்டு வந்தா கணக்குல குறைஞ்சிடும். அதனால வாய் உலர்ந்தாலும் குடிக்காம இருப்பாங்களாம்."

ஆண்கள் கேட்டிருந்தால் 'அப்படியா' என்று போயிருப்பார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. பஸ் பிரயாணத்தில் நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்து நீர்க்கடுப்பால் அவதிப்பட்டவள் நான். அந்த வெயிலில் தினமும் என்றால்?

அமெரிக்காவில் 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளை அதில் சேர்க்கவே இல்லை. 1965-ல் ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே டெலானோ என்ற ஊரில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளிகள் லாரி இட்லியாங் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தார்கள். சில நாளிலேயே ஸீஸர் சாவேஸ், டொலோரஸ் ஹுவேர்ட்டா ஆகியோரின் மெக்ஸிகோ தொழிலாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். சாவேஸ் நம் காந்திஜியின் வழியில் நம்பிக்கை வைத்தவர். 1968-ல் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

ஆனாலும் முதலாளிகள் மசியவில்லை. 'திராட்சை வாங்காதீர்கள்' என்றும் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். யாரிடம்? கூடையை எடுத்துக்கொண்டு கடைக்கு வரும் நம்மைப் போன்ற இல்லத்தரசிகளிடம்தான்! லட்சக்கணக்கான குடும்பங்கள் திராட்சையை ஒதுக்கின. 1970-ல் டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கூலி உயர்ந்தது, மருத்துவ நிதி கிடைத்தது, பூச்சிமருந்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

பிறகு சட்டங்களும் வந்தன. 20 பேருக்கு ஒரு கழிப்பிடம், அதுவும் கால் மைலுக்குள் இருக்கவேண்டும் என்று 1987-ல் விதித்தார்கள். கலிஃபோர்னியாவில் 2005-ல் வெயில் விதி வந்தது. தோட்ட வேலைக்காரர்களுக்குக் குடிதண்ணீரும் நிழலும் கொடுத்தே ஆகவேண்டும் என்றது.

'அப்பாடா' என்று நினைத்தேன். மகள்தான், "இதையும் கேளும்மா" என்று இன்னொன்றைச் சொன்னாள். 2008 மே மாதம், ஸ்டாக்டன் நகரத்துக்கு அருகே ஒரு திராட்சைத் தோட்டம். மெக்ஸிகோவிலிருந்து வந்த 17 வயதுப் பெண் 95 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் மணிக்கணக்காக வேலை செய்து சுருண்டு விழுந்தாள். நிழல் இல்லை. இரண்டாம் நாள் உயிர் போய்விட்டது. வயிற்றில் இரண்டு மாதக் கரு. விதி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது! மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் கண் திறந்து பார்க்கவேண்டும். வெயிலில் வேலை செய்கிறவருக்குத் தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழலுக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கு ஆபத்து. உடம்பை ஈரத்துணியால் குளிர வைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கர்ப்பிணிகள் வெயிலில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

கலிஃபோர்னியாத் தோட்டத்துக்குப் போய் நாம் கேட்கமுடியாது, வாஸ்தவம்தான். ஆனால் நம் வாசலுக்கே வருகிறவர்கள் இருக்கிறார்களே? ஊர் திரும்பிய மறுநாள் கீரைக்கார அம்மாள் வந்து கூடையை இறக்கினாள். தண்ணீர் கொடுப்பது என் வழக்கம். 'பாத்ரூம் போகணுமா?' என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "விடியக்காலம் நாலு மணிக்கு வீட்டை விட்டு வந்தேம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு அவசரமாக உள்ளே போனாள்.