சுவிஸ் குடியுரிமை நேர்காணல்: எதைப் படிக்கணும்?

சுவிட்சர்லாந்துல 10 வருஷம் வாழ்ந்து, சி பெர்மிட் வாங்கி, பேச்சுல பி1, எழுத்துல ஏ2 அளவுக்கு அந்த ஊர் மொழி தெரிஞ்சாலும் போதாது. பெரும்பாலும் உள்ளூர் நகராட்சி நேர்காணலும் இருக்கும்.

26 மாநிலம், 7 பேர் அமைச்சரவை, இதெல்லாம் மனப்பாடம் பண்ணிடலாம். ஆனா பக்கத்து ஏரி, ஊர்த் திருவிழா பத்தியும் கேட்பாங்க. தாமிரபரணி பொதிகையில பிறக்குதுன்னு நெல்லைக்காரன் பரீட்சைக்குப் படிச்சா தெரிஞ்சுக்கிட்டான்? அதே மாதிரிதான். அங்க இருக்கிற சங்கத்துல சேருங்க, அக்கம்பக்கம் பழகுங்க.

இன்னொண்ணு. சுவிஸ் குடியுரிமை வந்ததும் இந்தியக் குடியுரிமை போயிடும். ஓசிஐ அட்டை வாங்கலாம். ஆனா இங்க ஓட்டு கிடையாது, ஆத்தங்கரையில வயல் விலைக்கு வாங்க முடியாது. விண்ணப்பிக்கும் முன்னாடியே வீட்டுல பேசிடுங்க.