ஒளிபரப்புக்குப் பின் உணவகங்கள்

உணவகங்களைச் சீரமைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் காண்கையில், புதிய மேசைகளும் நிரம்பிய கூடமுமே நம் நினைவில் நிற்கின்றன. பழைய கடனை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் 2011இல் தொடங்கிய 'ரெஸ்டாரண்ட்: இம்பாசிபிள்' நிகழ்ச்சியில் சமையற்கலைஞர் ராபர்ட் இர்வினுக்குத் தரப்பட்டவை இரண்டு நாள்களும் 10,000 அமெரிக்க டாலருமே. அத்தொகை சுவருக்கு வண்ணம் பூசப் போதும். நிலுவை வாடகையைத் தீர்க்கப் போதாது. கார்டன் ராம்சே 'கிச்சன் நைட்மேர்ஸ்' வழியாக மீட்க முனைந்த அமெரிக்க உணவகங்களுள் பெரும்பாலானவை பின்னர் மூடப்பட்டன. இதனை அவருடைய தோல்வி என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம், அது முறையன்று. மூழ்கும் நிலையில் இருந்தவையே அவரை நாடின (நன்கு நடக்கும் கடை ஏன் விண்ணப்பிக்கப் போகிறது?). ஒளிபரப்பு கூட்டத்தைக் கொணரும். அக்கூட்டம் வேடிக்கை பார்க்க ஒருமுறை வரும். அடுத்த மாதமும் வரவேண்டியவர்கள் அக்கம்பக்கத்தாரே. அவர்கள் விரும்பிய பழைய உணவுப் பட்டியலோ ஓரிரவில் மாற்றப்பட்டிருக்கும்.