இலண்டன் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் வான்வழி, நெரிசல் மிகுந்த நீண்டதூர வான்வழிகளுள் ஒன்றாகும். ஹீத்ரோ, ஜான் எஃப். கென்னடி ஆகிய விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு சுமார் 5,550 கி.மீ. போக வரத் தொலைவு ஒன்றே. பயண நேரம் மட்டும் வேறு. நியூயார்க் செல்ல ஏறத்தாழ 8 மணி நேரமும், இலண்டன் திரும்ப ஏறத்தாழ 7 மணி நேரமும் ஆகின்றன.

தொலைவு

பூமி உருண்டை என்பதால் இரு நகரங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் ஒரு பகுதியாக அமைகிறது. பூகோள உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் இதைக் காணலாம். நியூயார்க் இலண்டனுக்குத் தெற்கே இருந்தாலும் நூல் முதலில் வடமேற்காகச் சென்று, பின்னர் தென்மேற்காக இறங்கும். தட்டையான வரைபடத்தில் இவ்வழி வளைந்து தெரிவதற்குக் காரணம் இதுவே.

காற்றின் பங்கு

பூமி சுழல்வதால் மேற்கு நோக்கிய பயணம் விரைவாக முடியும் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. பூமியோடு சேர்ந்து வளிமண்டலமும் சுழல்கிறது. உண்மையான காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டமே.

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம்.

கிழக்கு நோக்கி: 5,550 ÷ 1,000 = சுமார் 5 மணி 33 நிமிடம்
மேற்கு நோக்கி: 5,550 ÷ 800 = சுமார் 6 மணி 56 நிமிடம்

ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், தரையிறங்குதல் ஆகியவற்றுக்கான நேரத்தை இவற்றுடன் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து இலண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. ஒலியை விட விரைவாகப் பறந்த கான்கார்டு விமானம் 1996 பிப்ரவரி 7 அன்று இதே தொலைவை 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் கடந்தது. கான்கார்டு சேவை 2003-இல் நிறுத்தப்பட்டது.

பயணச்சீட்டில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரமே குறிக்கப்படும். நியூயார்க் நேரம் இலண்டனை விட 5 மணி நேரம் பின்தங்கியது. இலண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு 8 மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அப்போது பிற்பகல் 2 மணி. கடிகாரப்படி 3 மணி நேரமே கடந்ததுபோல் தோன்றும். மாறாக, நியூயார்க்கில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு 7 மணி நேரம் பறந்தால், இலண்டனில் மறுநாள் காலை 8 மணி. இங்கு 12 மணி நேரம் கடந்ததுபோல் தோன்றும்.

கோடைகால நேரமாற்றம் இரு நாடுகளிலும் ஒரே நாளில் நடைபெறுவதில்லை. எனவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும், அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் இவ்வேறுபாடு 4 மணி நேரமாகக் குறையும். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிய பின்னரே கழித்துப் பார்க்க வேண்டும்.