வல்லாரைதானா? குனிந்து பூவைப் பாருங்கள்

நானுஓயாப் பக்கம் தேயிலை மலைகளில், கான் ஓரத்தில் ஈரம் நிற்கும் இடமெல்லாம் வட்ட இலைக் கொடி படரும். பார்த்ததும் கை தானாகக் கீழே போகும்: வல்லாரை, மத்தியானச் சம்பலுக்கு ஆச்சு! ஆனால் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் குளிரில் அதே முகச்சாயலோடு இன்னொரு பூண்டும் வளர்கிறது. தாவரவியலில் அதன் பெயர் ஹைட்ரோகோட்டைல் ஜவானிக்கா. இரண்டும் இந்த மண்ணுக்குச் சொந்தமானவைதான்.

இலையை மட்டும் பார்க்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இரண்டுக்கும் வட்ட இலை, காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு. விளிம்பு ஓரளவு கைகொடுக்கும். வல்லாரைக்கு மழுங்கிய சிறு பற்கள். மற்றதன் இலை 5, 7 என்று ஆழமில்லாத மடல்களாகப் பிரிந்து, காம்பில் மயிரோடு இருக்கும். வல்லாரையின் இளங்காம்பிலும் மயிர் இருப்பதுண்டு, அதனால் நான் மயிரை நம்புவதில்லை.

குந்தி உட்கார்ந்து கொடியைத் தூக்கிப் பாருங்கள். வல்லாரையின் கணு ஒவ்வொன்றும் வேர்விட்டு, அங்கிருந்தே பல இலைகளைக் கொத்தாக எழுப்பும். ஜவானிக்காவில் கணுவுக்கு ஓர் இலைதான். இனி காம்புகளை விலக்குங்கள். இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, வல்லாரை ஒளிந்து பூத்திருக்கும்: எள்ளளவுப் பூக்கள், பெரும்பாலும் 3, இளஞ்சிவப்பு. அவற்றை இரண்டு சிறு செதில்கள் கீழிருந்து ஏந்தி நிற்கும். ஜவானிக்காவிலோ 20க்கு மேற்பட்ட வெளிர்பச்சைப் பூக்கள் பொத்தான்போல உருண்டு திரண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது.

குழப்பம் நமக்கு மட்டுமல்ல. 1753இல் லின்னேயஸ் வல்லாரையையும் ஹைட்ரோகோட்டைல் இனத்தில்தான் சேர்த்தார். 1879இல் உர்பன் என்ற ஜெர்மானியர் பிரித்தெடுத்ததால் அது ‘சென்டெல்லா ஆசியாட்டிக்கா’ ஆனது. இப்போது இரண்டின் குடும்பமே வேறு. நுவரெலியா கரட்டும் ரசத்துக்குப் போடும் கொத்தமல்லியும் வல்லாரைக்குத்தான் சொந்தம்.

சரியாக அடையாளம் கண்டபிறகும் பறித்த இடத்தை ஒருமுறை யோசியுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலையிலும் லயத்துக் கழிவுநீர் ஓடும் கானிலும் முளைத்த வல்லாரை, பச்சையாகத் தின்னும் சம்பலுக்கு வேண்டாம்.