படம் வரும் முன்பே கதை வருவது எப்படி? 'ஸ்டார் வார்ஸ்' கசிவுகளும் ரசிகர்களின் ஊகங்களும்

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் உருவாகும் 'ஸ்டார்ஃபைட்டர்' திரைப்படம் 2027-ம் ஆண்டு மே 28-ந் தேதி வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ஷான் லெவி இயக்கும் இப்படத்தில் ரையான் காஸ்லிங் முதன்மை வேடம் ஏற்றுள்ளார். 2019-ல் வெளியான 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தின் நிகழ்வுகளுக்குச் சுமார் 5 ஆண்டுகளுக்குப் பிந்தைய காலத்தில், புதிய கதாபாத்திரங்களைக் கொண்டு கதை நகரும் என்று 2025-ல் ஜப்பானில் நடைபெற்ற ரசிகர் விழாவில் தெரிவிக்கப்பட்டது.

இத்தகைய அறிவிப்புகள் சொல்வது சிறிது. சொல்லாமல் விடுவது பெரிது. எஞ்சிய இடத்தை ரசிகர்களின் ஊகங்களும், 'கசிந்த கதை' என்ற பெயரில் உலவும் தகவல்களும் நிரப்பிவிடுகின்றன. இவற்றில் எது உண்மை, எது கற்பனை என்று பிரித்தறிவது எளிதன்று. கசிவுகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் என்ன செய்கின்றனர், முன்கூட்டியே கதை தெரிவதால் இழப்பு யாருக்கு ஆகிய கேள்விகளுக்கு, இவ்வரிசையின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரலாறே விடை தருகிறது.

பொய் வசனத்தால் காக்கப்பட்ட ரகசியம்

முதல் படம் 1977-ல் வெளியானது. அடுத்த ஆண்டே, வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் நடித்த டேவிட் பிரவுஸ், கலிபோர்னியாவில் ரசிகர்களைச் சந்தித்தபோது, நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் தந்தையே வேடர் என்று கூறியதாக உள்ளூர் நாளிதழில் செய்தி வந்தது. அவர் அறிந்து சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இணையம் இல்லாத காலம் என்பதால் அச்செய்தி பரவவில்லை, படித்தவர்களும் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1979-ல் படமாக்கப்பட்டபோது, ஜார்ஜ் லூகாஸ் மிகுந்த எச்சரிக்கையுடன் இருந்தார். படப்பிடிப்புத் தளத்தில் பிரவுஸ் பேசிய வசனம் வேறு. லூக்கின் தந்தையைக் கொன்றவர் அவருடைய குருவான ஓபி-வான் என்பதே அங்கே ஒலித்த 'உண்மை'. அசல் வசனத்தை, காட்சி படமாவதற்குச் சற்று முன்னர்தான் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர், லூக்காக நடித்த மார்க் ஹாமிலிடம் தெரிவித்தார். பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் அது சேர்க்கப்பட்டது. சுற்றி நின்ற தொழில்நுட்பக் கலைஞர்கள் பலருக்கும், தங்கள் கண் முன்னே படமான காட்சியின் பொருள் திரையரங்கில்தான் விளங்கியது.

மூன்றாம் படத்துக்கு வேறு உத்தி கையாளப்பட்டது. 1982-ல் வெளிப்புறப் படப்பிடிப்பின்போது, 'புளூ ஹார்வெஸ்ட்' என்ற திகில் படம் எடுக்கப்படுவதாகக் கூறி, அப்பெயர் பொறித்த தொப்பிகளையும் சட்டைகளையும் படக்குழுவினர் அணிந்தனர். கதையைக் காப்பதுடன், 'ஸ்டார் வார்ஸ்' என்ற பெயரைக் கேட்டதும் விலையை உயர்த்தும் வணிகர்களிடமிருந்து தப்புவதும் இதன் நோக்கம். போலிப் பெயரில் படம் எடுக்கும் வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. 2017-ல் வந்த 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தின் மறைபெயர் 'ஸ்பேஸ் பேர்'.

கசிவு பிறக்கும் இடங்கள்

கதை வெளியேறும் வழிகளைப் பொதுவாக நான்காக வகைப்படுத்தலாம்.

முதலாவது, படப்பிடிப்புத் தளம். 2014-ல் அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் படக்குழு முகாமிட்டதை மறைக்க முடியவில்லை. உலகப் பாரம்பரியச் சின்னமான அத்தீவில் யார் இறங்கினர், எந்தக் காட்சி எடுக்கப்பட்டது என்பதைச் சுற்றியே ஓராண்டுக்கு மேல் ஊகங்கள் சுழன்றன. அத்தீவு 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தின் இறுதிக் காட்சிக்கான களம் என்பது 2015 டிசம்பரில் தெரிந்தது.

இரண்டாவது, ஆவணங்கள். 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தின் திரைக்கதைப் பிரதிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே அச்சிடப்பட்டன. அவற்றில் ஒன்று இபே ஏல இணையதளத்தில் விற்பனைக்கு வந்தது. நடிகர் ஒருவர் தம் கட்டிலுக்கு அடியில் விட்டுச் சென்ற பிரதி, தூய்மைப் பணியாளர் கையில் கிடைத்து, அங்கிருந்து ஏலத்துக்குச் சென்றதாக இயக்குநர் ஜே.ஜே. ஆப்ராம்ஸ் 2019 நவம்பரில் தெரிவித்தார். அந்த நடிகர் தாமே என்று ஜான் பொயேகா பின்னர் ஒப்புக்கொண்டார். கதை பரவும் முன்பே பிரதி மீட்கப்பட்டது. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள பாதுகாப்பு ஏற்பாட்டை, வீடு மாறும் அவசரத்தில் நேர்ந்த ஒரு மறதி உடைத்துவிட முடியும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, வணிகப் பொருள்கள். பொம்மைகள், நாவல்கள், இசைத்தட்டுகள் ஆகியவை படத்துக்கு முன்னரே கடைக்கு வருகின்றன. 1999-ல் 'தி பாண்டம் மெனஸ்' வெளியாவதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாக விற்பனைக்கு வந்த அதிகாரபூர்வ இசைத்தட்டின் பாடல் பட்டியலிலேயே, முக்கியக் கதாபாத்திரமான குவை-கான் இறப்பதும் அவருக்கு இறுதிச்சடங்கு நடப்பதும் தலைப்புகளாக அச்சாகியிருந்தன. இங்கே கசியவிட்டவர் வெளியாள் அல்லர்.

நான்காவது, முன்கூட்டிய திரையிடல்கள். ஒரு நாட்டில் முதலில் வெளியாகும் படத்தின் காட்சிகள், பிற நாடுகளில் அது வெளியாகும் முன்பே கைப்பேசிகளில் உலவத் தொடங்கிவிடுகின்றன. 2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தின் காட்சிகள் கசிந்தபோது, கதையை வெளியிட வேண்டாம் என்று இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள் ரசிகர்களுக்குத் திறந்த மடல் எழுத நேர்ந்தது.

கசிவு கதையையே மாற்றியபோது

கசிவுக்கு அஞ்சி ஒரு படத்தின் தொடக்கமே மாற்றப்பட்ட வரலாறும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் இரண்டாம் படத்தில் ஸ்போக் இறக்கப்போகிறார் என்ற தகவல் படப்பிடிப்புக்கு முன்பே வெளியாகி, ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். படக்குழுவுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன.

இயக்குநர் நிக்கோலஸ் மேயர் அதற்கு மறுப்பு வெளியிடுவதைவிட நுட்பமான வழியைக் கண்டார். படத்தின் தொடக்கத்திலேயே ஸ்போக் இறந்து விழுவார். சில நிமிடங்களில் அது வெறும் பயிற்சி ஒத்திகை என்று தெரியவரும். 'கேள்விப்பட்டது இதுதான் போலும்' என்று பார்வையாளர்கள் நிம்மதி அடைந்து கதையில் ஒன்றிய பின்னர், இறுதியில் உண்மையான மரணம் நிகழும். 1982-ல் வெளியான அப்படத்தின் முடிவு, முன்பே கசிந்திருந்தும் பார்வையாளர்களைக் கலங்க வைத்தது.

ஊகம் சுமையாகும் தருணம்

கசிவு என்பது உள்ளிருந்து வரும் தகவல். ஊகம் என்பது வெளியிலிருந்து கட்டப்படும் கதை. இரண்டும் ஒரே வடிவில் பரவுவதால் வாசகர்கள் குழம்புகின்றனர். ஒருவரே பத்து விதமான முடிவுகளைக் கணித்து எழுதிவிட்டு, படம் வந்த பின் பலித்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி நம்பகத்தன்மை தேடிக்கொள்வதும் உண்டு. பலிக்காத ஒன்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

ஊகங்களால் வளரும் எதிர்பார்ப்பு, படத்தையே எடைபோடும் அளவுகோலாக மாறுவதுண்டு. 2015-ல் அறிமுகமான ரே என்ற நாயகியின் பெற்றோர் யார் என்பது குறித்து இரண்டு ஆண்டுகள் எண்ணற்ற கணிப்புகள் உலவின. அவர்கள் எவ்விதப் புகழும் இல்லாத சாதாரண மனிதர்கள் என்று 2017-ல் 'தி லாஸ்ட் ஜெடாய்' சொன்னபோது, ஒரு பிரிவினர் அதைத் துணிச்சல் என்று பாராட்ட, மற்றொரு பிரிவினர் ஏமாற்றப்பட்டதாகக் குமுறினர். 2019-ல் அவர் பேரரசர் பால்படைனின் பேத்தி என்று கதை மீண்டும் திருப்பப்பட்டது.

இச்சர்ச்சையின் கசப்பு கலைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. அப்படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், இனவெறியும் பெண் வெறுப்பும் நிறைந்த தாக்குதல்களுக்கு உள்ளாகி, 2018-ல் தமது இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கினார். கதை பிடிக்கவில்லை என்ற விமர்சனத்துக்கும் நடித்தவர் மீதான வன்மத்துக்கும் இடையிலான எல்லை அங்கே அழிந்துபோனது.

இந்தியாவில் ஒரு வார இடைவெளி

இந்திய ரசிகர்களுக்கும் இதில் நேரடி அனுபவம் உண்டு. 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' அமெரிக்காவில் 2015 டிசம்பர் 18-ந் தேதி வெளியானது. அதே நாளில் இந்தியாவில் 'தில்வாலே', 'பாஜிராவ் மஸ்தானி' ஆகிய பெரிய இந்திப் படங்கள் வெளியானதால், இங்கு அது டிசம்பர் 25-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஹான் சோலோவின் மரணம் என்ற பெரும் திருப்பம் உலகெங்கும் பேசப்பட்ட அந்த ஒரு வாரம் முழுவதும், இந்திய ரசிகர்கள் சமூக ஊடகங்களைத் திறக்கவே தயங்க வேண்டியிருந்தது. அடுத்த இரு படங்களும் இந்தியாவில் அமெரிக்காவுடன் ஒரே நாளில் வெளியாயின.

ஊகத்தை முறையாகப் பயன்படுத்திக்கொண்டதற்கு இந்தியத் திரையுலகிலேயே எடுத்துக்காட்டு உள்ளது. பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றார் என்ற ஒற்றைக் கேள்வியுடன் 2015 ஜூலையில் முதல் பாகம் முடிந்தது. 2017 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வரும்வரை அக்கேள்வியே அப்படத்துக்குச் செலவில்லாத விளம்பரமாக விளங்கியது.

சட்டம் சொல்வது என்ன?

திரைக்கதை என்பது 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்பாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால், கதையின் கருத்துக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது. அது வெளிப்படுத்தப்படும் வடிவத்துக்கே பாதுகாப்பு என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே, ஒரு படத்தின் முடிவை ஊகித்து எழுதுவது வேறு. திருடப்பட்ட திரைக்கதையின் பக்கங்களை வெளியிடுவது வேறு. படக்குழுவைச் சேர்ந்தவர் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினால், அவர் மீது தனியே வழக்குத் தொடரவும் இடமுண்டு.

திரைப்படத்தை அனுமதியின்றிப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் கடும் தண்டனை விதிக்கிறது. 3 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், ரூ.3 லட்சத்தில் தொடங்கி, தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்க அதில் வழிவகை உள்ளது. திரையரங்கில் கைப்பேசியில் எடுத்த சில நிமிடக் காட்சியைப் 'பகிர்ந்தேன், அவ்வளவுதான்' என்று சொல்வோர் கவனிக்க வேண்டிய விதி இது.

கதை தெரிந்தால் சுவை குறையுமா?

இக்கேள்விக்கு ஆய்வாளர்களிடையே ஒருமித்த விடை இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 12 சிறுகதைகள் பயன்படுத்தப்பட்டன. முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் கதையைக் கூடுதலாக ரசித்ததாக அது தெரிவித்தது. 2015-ல் வேறு இருவர் நடத்திய ஆய்வோ இதற்கு எதிரான முடிவைத் தந்தது. முடிவு தெரிந்தவர்களின் ரசனை குறைந்தே காணப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முடிவை அறிந்தும் ரசிப்பவர்கள் உண்டு. முதன்முறை பார்க்கும் வியப்பையே விரும்புபவர்களும் உண்டு. ராமாயணக் கூத்தின் முடிவு தெரிந்தே விடிய விடிய அமர்ந்து பார்க்கும் மரபில் வந்தவர்களுக்கு முதல் வகை புதிதன்று. எந்த வகையாக இருப்பது என்று முடிவு செய்யும் உரிமை பார்வையாளருக்கு உரியது. தலைப்பிலேயே முடிவைப் போட்டு உடைக்கும் பதிவு, அந்த உரிமையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

விதிவிலக்கு ஒன்று

ரகசியத்தை இவ்வளவு கண்டிப்புடன் காக்கும் தயாரிப்பாளர்கள் தாமாகவே பூட்டைத் திறந்த நிகழ்வும் உண்டு. 2015-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரசிகர் ஒருவர், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். டிசம்பர்வரை அவர் உயிருடன் இருக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் கூறிய நிலையில், படத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற கோரிக்கை சமூக ஊடகங்களில் எழுந்தது. முதன்மை நடிகர்களும் அதற்கு ஆதரவளித்தனர்.

டிஸ்னி, லூகாஸ்ஃபிலிம் நிறுவனங்கள் இசைந்தன. நவம்பர் தொடக்கத்தில், இன்னும் முழுமை பெறாத 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' அவரது இல்லத்திலேயே திரையிடப்பட்டது. சில நாட்களில் அவர் காலமானார். உலகமே அறியத் துடித்த கதை அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. படம் திரைக்கு வரும்வரை, அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் கசியவில்லை.